பழைய முறைப்பாடுகளும் புதிய இயங்குதளமும்: ஒரு கண்டிக் கதை

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவுக்கு வந்தது. அதற்குச் சில நாள்களின் பின்னர், பேராதனை வீதியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைச் சந்தித்தேன். நெடுங்கால நண்பர். "பத்து வருஷமாக ஒரு குறையும் இல்லாமல் ஓடிய கணினி ஐயா! விண்டோஸ் 11 இதில் ஏறாதாம். நன்றாக இருப்பதை ஏன் இவர்கள் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்?" என்று கடிந்துகொண்டார். டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி அவருடைய கணினியில் இல்லை. இயந்திரம் பழுதாகாமலே பழசாகிவிட்டது. அவருடைய கோபத்தில் நியாயம் உண்டு.

ஆனால் அவர் சொன்ன அதே வாசகத்தை, ஏறக்குறைய அதே சொற்களில், இதே நகரில் நான் முன்னரும் கேட்டிருக்கிறேன். விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது கேட்டேன். 2007இல் விஸ்டா வந்தபோது உரத்த குரலில் கேட்டேன். முறைப்பாடு செய்பவர் பக்கம் நின்று எழுதுவதே பத்திரிகையாளனின் தொழில் தர்மம் என்று பழகியவன் நான். இருந்தும் அந்நாள்களில் இந்த ஒரு விடயத்தில் மட்டும் எதிர்த்தரப்பில் நின்று, புதிய இயங்குதளத்துக்காக வாதாடினேன். பலர் சினந்தார்கள். ஏன் அப்படி வாதாடினேன் என்பதை இப்போதாவது முறையாக எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

மணிக்கூட்டுக் கோபுரத்தருகே ஒரு கடை

கண்டி மும்மொழி நகரம். சிங்களவரின் பண்பாட்டுத் தலைநகரம் என்று போற்றப்படும் இந்நகரை 1739 முதல் 1815 வரை ஆண்டவர்கள் தென்னிந்திய வழிவந்த நாயக்க மன்னர்கள். பின்னர் கோப்பியும் தேயிலையும் வந்தன. அவற்றோடு தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளரும் வந்தார்கள். இன்றைக்கும் கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை பஸ்கள் வந்து நிற்கும் வேளையில் நகரில் எந்த மொழி அதிகம் ஒலிக்கிறது என்று சொல்வது கடினம். தெருவில் மூன்று மொழிகளும் உரசாமல் நடந்து செல்கின்றன. கடதாசியில்தான் அவை ஒன்றாக உட்கார மறுத்தன.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறி, இந்திய வம்சாவளியினரில் நாடற்றவர்களாக இருந்தோருக்குக் குடியுரிமை கிடைத்த காலம் அது. 1948இல் பறிபோன ஒன்று ஐம்பத்தைந்து ஆண்டுகளின் பின்னர் திரும்பி வந்தது. மலையகத்தார் பலர் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், சத்தியக் கடதாசி, அடையாள அட்டை விண்ணப்பம் என்று நகருக்கு அலைந்தார்கள். மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு அண்மையில் இருந்த ஒரு கொமியூனிகேஷன் கடையில் இப்படிப்பட்ட கடிதங்களைத் தட்டச்சிட்டுக் கொடுப்பார்கள். என் கட்டுரைகளை மின்னஞ்சலில் அனுப்ப நானும் அங்கேதான் போவேன்.

ஒருநாள் கலஹாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்திருந்த முதியவர் ஒருவருக்காக, அங்கு வேலை செய்த தங்கச்சி ஒரு கடிதம் தயாரித்தாள். பெயர்களும் ஊரும் தமிழில், விளக்கம் சிங்களத்தில், மேலே ஆங்கிலத்தில் முகவரி. தமிழுக்குப் பாமினி எழுத்துரு. சிங்களத்துக்கு எஃப்.எம். அபய. அழகாகத்தான் அமைந்தது. எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கலாம் என்று எண்ணி முழுப் பக்கத்தையும் தெரிவு செய்தவள், கை தவறிச் சிங்கள எழுத்துருவையே முழுப் பக்கத்துக்கும் இட்டுவிட்டாள். முதியவரின் பெயரும் அவருடைய தந்தையின் பெயரும் கண்ணெதிரே பொருளற்ற சிங்கள எழுத்துக் குவியலாக மாறின. அவள் சிரித்துக்கொண்டே அதை மீட்டுவிட்டாள். ஆயினும் அக்கடிதம் மின்னஞ்சலில் கொழும்பிலுள்ள ஓர் அலுவலகத்துக்குப் போனபோது மீட்பதற்கு அங்கே யாரும் இருக்கவில்லை. அவர்களிடம் பாமினி இல்லை. "ஆங்கிலத்தில் ஏதோ பிழையாகத் தட்டச்சிட்டிருக்கிறது, பெயரைக் காணவில்லை" என்று பதில் வந்தது.

எழுபது வயதில் ஒரு நாட்டின் குடிமகனாகியவருக்கு, உன் பெயரைக் காணவில்லை என்று ஒரு பதில்! அவர் ஒன்றும் சொல்லவில்லை. "இன்னொரு தடவை அடிச்சுத் தாங்கம்மா" என்றார். மறுபடியும் அடித்து, இம்முறை தாளில் எடுத்துத் தபாலில் சேர்த்தோம்.

'தமிழ்' என்று தெரியாத இயந்திரம்

இந்த விபத்துக்கு அந்தத் தங்கச்சி காரணமல்லள். கொழும்பு அலுவலகமும் காரணமன்று. இயந்திரத்துக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது என்பதுதான் காரணம்.

பாமினியில் 'தமிழ்' என்று எழுத எந்த விசைகளை அழுத்துகிறோம்? ஜே, கே, பீ, ஓ, பின்னர் ஓர் அரைப்புள்ளி. கணினி தன் நினைவில் சேமித்துக்கொள்வதும் அந்த நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். பாமினி என்னும் முகமூடியை அணிவித்தால் நமக்குத் தமிழாகத் தோன்றும். அபய என்னும் முகமூடியை அணிவித்தால் சிங்களமாகத் தோன்றும். முகமூடி இல்லாவிட்டால் ஆங்கிலக் குப்பை. மூன்று மொழிகளுக்கும் ஒரே இருக்கை; ஒருவர் அமர்ந்தால் மற்றவர் எழ வேண்டும்.

யுனிகோட் இதற்கு மாறானது. நாம் ஒருங்குறி என்கிறோம். 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. 1999இல் வந்த மூன்றாம் பதிப்பில் சிங்களமும் சேர்ந்தது. தமிழுக்கு 2944 முதல் 3071 வரையான எண்கள். சிங்களத்துக்கு 3456 முதல் 3583 வரையான எண்கள். 'தமிழ்' என்ற சொல் 2980, 2990, 3007, 2996, 3021 என்னும் ஐந்து எண்களாகச் சேமிக்கப்படும். உலகின் எந்தக் கணினியிலும் அந்த எண்களுக்கு வேறு பொருள் கிடையாது. எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாது.

ஆனால் எண் மட்டும் போதாது. 'கெ' என்பதில் கொம்பு முன்னே வரவேண்டும். 'கொ' என்பதில் இருபுறமும் வரவேண்டும். அந்த ஒழுங்கைச் செய்து காட்டும் அறிவு இயங்குதளத்துக்குள்ளே இருக்க வேண்டும். விண்டோஸ் 95இலும் 98இலும் அது இல்லை. 2000 பெப்ரவரியில் வந்த விண்டோஸ் 2000தான் லதா என்னும் எழுத்துருவோடு தமிழை முதன்முதலாகத் தன் அடித்தளத்தில் ஏற்றுக்கொண்டது. 2001 ஒக்டோபரில் வந்த எக்ஸ்பி அதை வீடுகளுக்கும் கடைகளுக்கும் கொண்டு வந்தது. முறைப்பாடுகளும் அப்போதே தொடங்கின.

ஐந்து குற்றச்சாட்டுகள்

முதலாவது: தமிழ் வரவில்லை, பெட்டி பெட்டியாகத் தெரிகிறது. உண்மை. எக்ஸ்பியில் தமிழ் இருந்தது. ஆனால் உறங்கிக் கிடந்தது. பிராந்திய அமைப்புகளுக்குச் சென்று, சிக்கலான எழுத்து வடிவங்களுக்கான கோப்புகளை நிறுவும்படி கட்டளையிட வேண்டும். உடனே அது மூலக் குறுந்தட்டைக் கேட்கும். குறுந்தட்டோ கணினியைப் பொருத்தித் தந்தவரிடம் இருக்கும். கண்டியில் எத்தனையோ கணினிகள் அந்த ஒரு தட்டுக்காகத் தமிழ் தெரியாமலே ஆயுளை முடித்துக்கொண்டன. சிங்களத்தின் நிலை இன்னும் மோசம். எக்ஸ்பியில் அதற்குத் தனியாக ஒரு மென்பொருள் தொகுப்பைப் பெற்று இணைக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது: விரல்கள் ஒத்துழைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்த நாள் முதலாகவே, விசைகளின் வரிசை ஒரு தலைமுறையின் நரம்புகளில் ஊறிவிட்ட ஒன்று. பாமினியில் கொம்பை முதலில் அடித்து மெய்யைப் பின்னர் அடிப்போம். கையால் எழுதுவதும் அப்படித்தான். விண்டோஸோடு வந்த விசைப்பலகையோ மெய்யை முதலிற் கேட்டது. இருபது ஆண்டு அனுபவமுள்ள தட்டெழுத்தாளர் ஒருவர் தன் பெயரை எழுதத் தடுமாறி, அவமானத்தோடு எழுந்து போனதை என் கண்ணால் கண்டேன். இந்த முறைப்பாட்டைச் சிறிதென்று சொல்ல எனக்கு மனம் வராது.

மூன்றாவது, என் சொந்தத் தொழிலின் முறைப்பாடு: பேஜ்மேக்கரில் யுனிகோட் வேலை செய்யாது. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பத்திரிகைப் பக்கங்கள் பேஜ்மேக்கரிலும் குவார்க்கிலும் உருவான காலம் அது. இணையத்துக்கு யுனிகோட், அச்சுக்குப் பழைய எழுத்துரு என்று ஒரே செய்தியை இரண்டு தடவை ஆக்க வேண்டியிருந்தது.

நான்காவது, அறிஞர்களின் முறைப்பாடு: யுனிகோட்டில் தமிழ் நெடுங்கணக்கு குலைந்துவிட்டது. இதுவும் உண்மைதான். இந்தியாவின் இஸ்கி அட்டவணையைப் பின்பற்றியதால் 'ந'வை அடுத்து 'ன' வருகிறது. 'ல, ள, ழ, வ' என்று வரிசை போகிறது. நமது 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடமும் இல்லை.

ஐந்தாவது: இடத்தை விழுங்குகிறது. பாமினியில் ஐந்து பைட்டுகளில் அடங்கிய 'தமிழ்' என்ற சொல், யுனிகோட்டின் யூ.டி.எஃப்-8 முறையில் பதினைந்து பைட்டுகளை எடுத்தது. தொலைபேசி இணைப்பில் ஒரு பக்கத்தை இறக்கத் தேநீர் குடித்து முடிக்கும் நேரம் தேவைப்பட்ட நாள்களில் இது விளையாட்டான விடயமன்று.

இவற்றில் ஒன்றுகூடப் பொய்யில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஆயினும் எல்லா முறைப்பாடுகளும் ஒரே வகையானவையல்ல. குறுந்தட்டுத் தொல்லை தயாரிப்பாளரின் குறை. விசைப்பலகைத் தொல்லையை நம்மவர்களே தீர்த்தார்கள். இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவசக் கருவிகள் பழைய விசை வரிசையிலேயே யுனிகோட்டில் எழுத வழி செய்தன. சுரதா யாழ்வாணனின் 'பொங்குதமிழ்' மாற்றி, பாமினியில் எழுதியதை ஒரு நொடியில் யுனிகோட்டாக்கிக் கொடுத்தது. 2008இல் இலங்கைத் தர நிறுவனம் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தரத்தை வெளியிட்டபோது, இங்கு பழக்கத்திலிருந்த ரெங்கநாதன் விசைப்பலகைக்கும் அதில் இடம் கிடைத்தது. அகரவரிசைக் குறையை இயங்குதளத்திலுள்ள தனி வரிசை அட்டவணை சரிசெய்யும். எண் வரிசையும் அகர வரிசையும் ஒன்றாயிருக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசு 2010இல் யுனிகோட்டைத் தரமாக ஏற்று, அது ஒத்துவராத இடங்களுக்கு டேஸ்-16 என்னும் குறியேற்றத்தையும் வைத்துக்கொண்டது. பக்க வடிவமைப்புத்தான் கடைசிவரை இழுத்தடித்தது. இண்டிசைன் மென்பொருள் தமிழை ஒழுங்காக அடுக்கக் கற்றுக்கொள்ள 2012 ஆயிற்று.

விஸ்டா வந்தது

2007 ஜனவரி 30ஆம் திகதி விஸ்டா பொது விற்பனைக்கு வந்தது. அதைப்போல் வசை வாங்கிய இயங்குதளம் இன்னொன்று இல்லை எனலாம். எக்ஸ்பிக்கு 128 மெகாபைட் நினைவகம் போதும் என்றிருந்தது. விஸ்டாவோ குறைந்தது 512 கேட்டது. சரியாக ஓட ஒரு கிகாபைட் வேண்டும். பழைய அச்சுப்பொறிகள் அதனுடன் பேச மறுத்தன. எதைத் தொட்டாலும் திரை மங்கி, 'அனுமதி தருகிறீர்களா?' என்று கேட்டது. அமெரிக்காவிலேயே டெல் நிறுவனம் அதே ஏப்ரலில், வேண்டுவோருக்கு எக்ஸ்பியை மீண்டும் தருவதாக அறிவிக்க நேர்ந்தது. கண்டிக் கடைக்காரர்களின் நிலையைச் சொல்ல வேண்டுமா?

அந்தக் காலத்தில்தான் விஸ்டாவை ஆதரித்து ஒரு கட்டுரை எழுதினேன். 'வெளிநாட்டு நிறுவனத்துக்கு விளம்பரம் செய்கிறீர்களா?' என்று ஒரு வாசகர் கேட்டார். 'உங்கள் கணினியில் வேகம் இருக்கலாம், எங்கள் பாடசாலையில் இல்லை' என்று ஓர் ஆசிரியர் எழுதினார். முதற் கடிதம் என்னைத் தைக்கவில்லை. இரண்டாவது தைத்தது. அவருக்கு நான் எழுதிய பதிலின் சாரம் இதுதான்.

விஸ்டா மெதுவானது, பசி மிகுந்தது, அடிக்கடி குறுக்கிடுவது. எல்லாம் உண்மை. ஆனால் சிங்களத்தைத் தன்னுள்ளே கொண்டு வந்த முதல் விண்டோஸ் அதுதான். இஸ்கோல பொத என்னும் சிங்கள எழுத்துருவும் லதாவும் அதில் அருகருகே, எவரும் எழுப்பாமலே விழித்திருந்தன. குறுந்தட்டு வேண்டாம்; கடைக்காரரின் தயவு வேண்டாம். ஒரே தாளில், ஒரே வரியில், தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒன்றையொன்று அழிக்காமல் நிற்கும். இலண்டனிலோ கலிபோர்னியாவிலோ இருப்பவருக்கு இது ஒரு பொருட்டன்று. ஆகவே அவர் வேகத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பளிப்பார். கண்டியில் இருப்பவரும் அதே தராசில் நிறுக்கலாமா?

இந்நாட்டில் 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. 1999இல் நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் சில பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. பின்னர் கண்டி மாவட்டப் பிரிவுகள் சிலவும் சேர்ந்தன. சட்டம் எழுதியாயிற்று. ஆனால் அலுவலக மேசையிலுள்ள கணினியில் இரண்டு மொழிகளும் ஒரே படிவத்தில் நிற்க முடியாவிட்டால் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வருவது எப்படி? தமிழில் விண்ணப்பித்தால் தாமதமாகும் என்பதற்கு அலுவலர்கள் சொன்ன காரணங்களுள் 'கணினியில் தமிழ் இல்லை' என்பதும் ஒன்று. இயங்குதளம் மாறியபோது அந்த ஒரு காரணம் ஒழிந்தது. மனம் இல்லை என்ற காரணம் மிஞ்சியிருக்கலாம். ஆனால் அதை இனி இயந்திரத்தின் தலையில் சுமத்த இயலாது.

ஹந்தானையின் பெயரில்

பாடசாலை ஆசிரியரின் கேள்விக்கு என் பதில் முழுமையானதல்ல என்பது எனக்கே தெரிந்திருந்தது. பழைய கணினி, பணமும் இல்லை; அவர் என்ன செய்வார்? இரண்டு ஆண்டுகளின் பின்னர் வேறொரு திசையிலிருந்து ஒரு பதில் வந்தது. 2009 செப்டெம்பரில், போர் முடிந்து நான்கு மாதங்களே ஆகியிருந்த வேளையில், தனிஷ்க நவின் என்பவர் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம் ஒன்றை வெளியிட்டார். ஃபெடோராவிலிருந்து உருவாக்கி, இலங்கைப் பயனர்களின் தேவைகளையும் மாணவரின் கல்வியையும் கருத்திற்கொண்டு தொகுத்தது. பெயர், ஹந்தானை லினக்ஸ். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு மேலே, கண்டி நகரைப் பார்த்தபடி நிற்கும் மலைத்தொடரின் பெயர் அது. அதன் சரிவுகளில் தேயிலைத் தோட்டங்கள் உண்டு. 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை ஒன்று இப்போது தேயிலை அருங்காட்சியகமாக இருக்கிறது.

விலை கிடையாது, பிரதி எடுத்துக் கொடுப்பது குற்றமுமன்று. தட்டிலிருந்தே ஓட்டிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். யுனிகோட் அதன் பிறவிக் குணம்.

முறைப்பாடுகள் உடனே தொடங்கின. சி டிரைவ் எங்கே? வேர்ட்டில் செய்த கடிதம் ஏன் கோணலாகத் தெரிகிறது? மொடெம் ஏன் பிடிக்கவில்லை? பிள்ளைகளின் விளையாட்டுகள் எங்கே? எக்ஸ்பிக்குச் சொன்ன அதே மறுமொழியை இங்கும் சொன்னேன்: இவை பழக்கத்தின் வலிகள், இழப்பின் வலிகளல்ல. ஒப்புக்கொள்ள வேண்டியதையும் ஒப்புக்கொள்கிறேன். ஹந்தானை நாட்டைப் பிடித்துவிடவில்லை. அரசாங்க அலுவலகங்களும் கடைகளும் விண்டோஸிலேயே நின்றன. ஆயினும் நம் மலை ஒன்றின் பெயரில், நம் எழுத்துகளைத் தெரிந்த ஓர் இயங்குதளத்தை நம்மூரவர் ஆக்க முடியும் என்று அது காட்டியது.

இழந்ததும் பெற்றதும்

வாதாடுபவன் தன் கட்சியின் குறையையும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் நான் எழுதிய கட்டுரைகள் பல, அக்கால நெகிழ்வட்டுகளில், பெயரே மறந்துபோன ஓர் அலுவலக எழுத்துருவில் கிடக்கின்றன. பாமினிக்கு மாற்றி உண்டு. அந்த எழுத்துருவுக்கு இல்லை. திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வரிசை வரிசையாக விரிகின்றன. நானே எழுதியது, எனக்கே வாசிக்கத் தெரியவில்லை. புதிய இயங்குதளம் இதைச் செய்தது என்று சொல்ல முதலில் நானும் துணிந்தேன். பிறகுதான் புரிந்தது: அந்தக் கட்டுரைகள் ஒருநாளும் தமிழில் சேமிக்கப்படவேயில்லை. தமிழாகத் தெரிந்தன, அவ்வளவுதான். பழைய ஏற்பாட்டின் சுகம் அத்தகையது. நன்றாக ஓடியது என்று நாம் நினைத்தோம். அதற்கான விலை பின்னால் வந்தது.

அதன் பின்னர் வந்தவை யாவும் விரைவாக நடந்தன. 2012இல் விண்டோஸ் 8 உடன் வந்த நிர்மலா என்னும் ஒரே எழுத்துரு தமிழையும் சிங்களத்தையும் தாங்கியது. 2014 முதல் நாடெங்கும் வழங்கப்பட்ட புதிய அடையாள அட்டைகளில் இரு மொழிகளும் இடம்பெற்றன. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலும், விஸ்டாவுக்கான ஆதரவு 2017 ஏப்ரலிலும் முடிந்தன. இன்று கைப்பேசியில் தமிழில் எழுதும் பேரப்பிள்ளைகளுக்குப் 'பெட்டி பெட்டியாகத் தெரிகிறது' என்றால் என்னவென்று விளங்காது. விளங்காமலிருப்பதே வெற்றி.

ஓய்வுபெற்ற ஆசிரிய நண்பருக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். விண்டோஸ் 11க்காக நான் வாதாடவில்லை. அது அவருக்குப் புதிதாக என்ன தருகிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பழைய கணினியில் லினக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். புதியது என்பதாலேயே ஒன்றை ஆதரிக்க வேண்டியதில்லை. தொல்லை தருகிறது என்பதாலேயே எதிர்க்கவும் வேண்டியதில்லை. இது யாருடைய பெயரைப் புதிதாக எழுதிக் காட்டுகிறது, யாருடைய பெயரை அழிக்கிறது என்று பார்த்துத் தீர்மானிக்கலாம்.

கலஹா முதியவரை அதன் பின்னர் நான் காணவில்லை. கொழும்பில் அவருடைய பெயரைக் கடைசியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மட்டும் அந்தக் கடைத் தங்கச்சி பிற்பாடு சொன்னாள். தபாலில் போன தாளில் கண்டுபிடித்தார்களாம்.

கணினியில் கண்டுபிடித்திருக்க வேண்டும். அதற்காகத்தான் வாதாடினேன்.